சிஞ்ஞோரா ஸ்கொப்பீனோவின் திரி

1

நான் மன்னிக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வாசித்துவிட்டு, கோயிலுக்குப் போகிற பெண் இப்படி எழுதலாமா என்று ஊரிலிருந்து யாரும் கேட்கக் கூடாது. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கைப் பார்க்கிற சுவாமிக்கே விசயம் தெரியும். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "அந்தக் கடைக்காரனை மன்னிச்சிட்டீரோ?" என்பதுதான். "இல்லைச் சுவாமி" என்பேன். பெருமூச்சு விட்டுவிட்டு மற்றப் பாவங்களுக்குப் போவார்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் சீசாப் பக்கம் நான் சொந்தமாகக் கடை போட்டு இந்தக் கிழமையோடு ஒரு வருடம். கடை என்று சொன்னாலும் அரைக் கடைதான். கைத்தொலைபேசி திருத்துகிற ஒருவரின் கடைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியும், ஒரு மேசையும், கழுத்து வளைகிற விளக்கும் என்னுடையவை. கதவில் 'லோ ஸ்தொப்பீனோ' என்று எழுதியிருக்கிறது. ஸ்தொப்பீனோ என்றால் திரி. நான் திரி போடுகிறவள்.

விளக்குக்கு இல்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கு விளங்கச் சொன்னால், சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கிற மின்கருவி ஒன்று இருக்கிறது. அதன் தலையில் சின்னக் கிண்ணம்போல ஒரு பாகம், அற்றொமைசர். அதற்குள் சுருள் கம்பி, கம்பிக்கு நடுவில் திரி. திரி நீர்மத்தை உறிஞ்சிக் கொடுக்கும், கம்பி சூடாகும், ஆவி வரும். பெரும்பாலானவர்கள் பழுதானால் எறிகிற சாமானைத்தான் வாங்குகிறார்கள். சில பிடிவாதக்காரர் மட்டும் கழற்றி, கம்பியும் திரியும் புதிதாய்ப் போட்டு, பழைய அற்றொமைசரையே வருடக்கணக்காய் வைத்திருப்பார்கள். அந்தப் பிடிவாதக்காரர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் ஒருநாளும் அதை வாயில் வைத்ததில்லை. மகள் வைத்தால் கையை முறித்துவிடுவேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அந்தக் கடைக்காரன் என் கடைக்கு வந்தான். அதைத்தான் சூடு ஆறுவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

2

அந்தக் கடைக்காரனின் பெயர் சால்வோ. அவனுடைய ஆவிக்கருவிக் கடைக்கு நான் திரி போடப் போகவில்லை, கூட்டித் துடைக்கப் போனேன். இந்த நகரத்துக்கு வந்த எங்கள் பெண்கள் அநேகருக்குக் கிடைத்த முதல் இத்தாலியப் பாடம் துப்புரவுப் பாடம்தான். டொக்டரிடம் எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாது. குவெஸ்துரா என்கிற பொலிஸ் கந்தோரில் அதிகாரி கேட்பது எதுவும் விளங்காது. ஆனால் வாளிக்கு என்ன பெயர், தும்புத்தடிக்கு என்ன பெயர், நிலம் துடைக்கிற துணிக்கும் கண்ணாடி துடைக்கிற துணிக்கும் என்ன பெயர் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவோம். கக்கூசு உரஞ்சுகிற பிரஷுக்குப் பெயர் ஸ்கொப்பீனோ.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை. கடை நிறைய ஆட்கள். சால்வோ மேசையில் குனிந்திருந்தான். கண்ணில் உருப்பெருக்கி, ஒரு கையில் குறடு, மறு கையில் அற்றொமைசர். தலை நிமிராமல் கத்தினான். அவன் பேசுவதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"சிஞ்ஞோரா, அந்த ஸ்தொப்பீனோவை எடுத்துத் தா, கெதியா!"

என் காதில் விழுந்தது ஸ்கொப்பீனோ. அந்தக் காலத்தில் இந்த இரண்டு சொல்லில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், காதும் தெரிந்த சொல்லைத்தானே பிடிக்கும். கெதியா என்றானே என்று ஓடினேன். கக்கூசுக்குள் போய்ப் பிரஷை எடுத்து, தண்ணீரை ஒரு உதறு உதறி, ஆட்களுக்குள்ளால் "பெர்மெஸ்ஸோ, பெர்மெஸ்ஸோ" என்று வழி கேட்டுக்கொண்டு வந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். ஒரு சொட்டு அவனுடைய மேசை விளக்கில் விழுந்து சீறியது.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சால்வோ உருப்பெருக்கியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு, கல்யாண வீட்டில் மணப்பெண்ணை அறிமுகம் செய்வதுபோல என்னைக் கையால் காட்டி, "சிஞ்ஞோரா ஸ்கொப்பீனோ!" என்றான். அன்றைக்கு வைத்த பெயர் அது. வெள்ளையாய்ச் சொன்னால், கக்கூசு பிரஷ் அம்மா.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? பெர்மெஸ்ஸோ என்ற சொல் இந்த ஊரில் வழிவிடச் சொல்வதற்கும் பாவிக்கிறது, இருந்துகொள்ள அரசாங்கம் தருகிற அனுமதி அட்டைக்கும் பாவிக்கிறது. அந்த அட்டையைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்குச் சால்வோவின் கையெழுத்து வேண்டும். அவன் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் என் பெயர் அவன் வைத்ததுதான்.

3

எங்களுக்குத் திரி தெரியாதா? மன்னாரின் பெருநிலப் பக்கம் யுத்தத்தில் மண்ணெண்ணெய் தடைப்பட்டிருந்த காலத்தில் படித்தவள் நான். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ட்யூப் வால்வின் உலோகத் துண்டுக்குள் நூலைச் செருகி, கம்பியில் தொங்கவிட்டுக் கொளுத்துவோம். நூல் தளர்வாய் இருந்தால் புகை கக்கி மூக்கைக் கறுப்பாக்கும். இறுக்கமாய் இருந்தால் எண்ணெய் ஏறாமல் சுடர் செத்துப் போகும்.

அந்த வெளிச்சத்தின் மேல் எனக்கு எந்தப் பாசமும் இல்லை. அதற்கு முன்னால் இருந்து படித்ததால்தான் இன்றைக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஊசி கோர்க்க முடியவில்லை. ஒரே விளக்கு, அக்காவும் நானும். அக்கா மெல்ல மெல்ல அதைத் தன் பக்கம் இழுப்பாள். அவளுடைய முறை வருவதற்கு முன் நான் நூலை இன்னொரு முறுக்கு முறுக்கி வைத்துவிடுவேன். அவள் புத்தகத்தைத் திறக்க, சுடர் சுருங்கும். இப்போதும் கனடாவிலிருந்து போன் எடுத்தால், "சொல்லடி அமலி, திரியை முறுக்கினது நீதானே?" என்பாள். "உன்ரை கண்ணிலை பழுது" என்பேன்.

அமலி. அது அக்கா கூப்பிடுகிற பெயர். அம்மாவுக்குக் கோபம் வந்தால் முழுப் பெயரையும் வளவுக்கு வெளியே கேட்கக் கூப்பிடுவா: அமலோற்பவம்! பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது அந்தப் பெயரைச் சொல்லிமுடிக்க ரீச்சருக்கு மூச்சு வாங்கும். மாதாவின் பெயர். மாசில்லாமல் உற்பவித்தவள் என்று அர்த்தம். டிசம்பர் எட்டாம் திகதி பூசையில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து இருப்பேன்.

4

இங்கே வந்த பிறகு அந்தப் பெயரை வாயால் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் என்னை "இஞ்சாரும்" என்பார். எங்களில் எந்தப் புருசன் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்? மகளுக்கு நான் அம்மா. கோயிலில் "ஜெசிக்காவின்ரை அம்மா". குவெஸ்துராவில் கதவைத் திறந்து, கையிலிருக்கிற தாளை உற்றுப் பார்த்து, "அமா... அமலோ..." என்று தொடங்கி, "அந்தா, நீலச் சட்டை போட்ட சிஞ்ஞோரா, நீங்கள்தான்" என்று கையைக் காட்டி முடித்துவிடுவார்கள். வழக்கப்படி எல்லாம் சரிதான். ஆனால் கூட்டிப் பார்த்தால், இந்தப் பெரிய பட்டணத்தில் ஒரு பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் சால்வோ, அந்தப் பெயரும் கக்கூசு பிரஷ்.

அது கடையோடு நிற்கவில்லை. ஜெசிக்கா பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே வந்து என்னோடு வீட்டுக்கு வருவாள். அவள் இங்கே பிறந்தவள், இப்போது பதினேழு வயது. தமிழில் தொடங்கி, நடுவில் இத்தாலியனுக்குத் தாவி, கடைசியில் இந்த ஊர்ச் சந்தைக்காரரைப் போல இழுத்து முடிப்பாள். எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரே பதில், "மா தாய்!" இத்தாலிய மொழியில் அதற்கு "அட, போதும் விடு" என்று அர்த்தம். தெரியாதவர் கேட்டால் பிள்ளை தாயை எவ்வளவு மரியாதையாய் அழைக்கிறாள் என்று நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

ஒருநாள் குசினியில் நின்று அவளைத் தேடி அவளுடைய இலக்கத்துக்கு அழைத்தேன். அவளுடைய போன் மேசையில் கிடந்து மினுங்கியது. திரையில் வந்த பெயர் அம்மா இல்லை. 'ஸ்கொப்பீனோ'. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

"இது என்ன பிள்ளை?"

"கரீனோ அம்மா, செல்லமா வைச்சது. கடையிலை எல்லாரும் அப்பிடித்தானே சொல்லினம்."

"அதுக்கு என்ன அர்த்தம் எண்டு தெரியுமோ?"

"தெரியும். மா தாய், அம்மா! நீங்களும் சிரிக்கிறனீங்கள்தானே?"

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். அவன் வைத்த பெயரை அவன் வாயாலேயே எடுக்க வைப்பேன், என் பெயரை அவன் வாயால் சொல்ல வைப்பேன், அதுவும் இவளுக்கு முன்னால். அதற்கு வேண்டிய ஆயுதம் அவனுடைய கடைச் சுவரிலேயே தொங்கியது. சால்வோவின் செத்துப்போன தாயின் படம். படத்துக்குக் கீழே சின்ன மின்விளக்கு. காலையில் கடை திறந்ததும் இரண்டு விரலை முத்தமிட்டு அந்தப் படத்தில் தொடுவான், பிறகுதான் மற்ற எல்லாம். ஒவ்வொரு நாளும் அதன் தூசியைத் துடைத்தவள் நான். சட்டத்தில் தாயின் பெயர் எழுதியிருந்தது: இம்மாகொலாத்தா. மாசில்லாதவள். அமலோற்பவ மாதாவுக்கு இவர்கள் சொல்கிற பெயர் அதுதான்.

அதை அவனிடம் நான் சொல்லவில்லை. வருடக்கணக்காய்ச் சொல்லவில்லை. எங்கே, எப்போது சொல்வது என்று யோசித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தேன்.

5

வேலை பழக்கியவன் அவன்தான். அதை மறைக்க மாட்டேன், அதற்காக மன்னிக்கவும் மாட்டேன். கூட்டம் கூடக்கூட அவனுக்கு இன்னொரு சோடிக் கை தேவைப்பட்டது. நான் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் மேசையை எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஒருநாள் கதிரையை இழுத்துப்போட்டான். அவனைப்போல் திரி போட இன்றைக்கும் இந்த நகரத்தில் ஆள் இல்லை.

பழைய ஆட்கள் கேட்பது சிலிக்காத் திரி. பஞ்சு வந்த பிறகு அநேகர் அதற்கு மாறிவிட்டார்கள். பஞ்சு சுலபம், ருசியும் நன்றாய் வரும் என்கிறார்கள். ஆனால் நீர்மம் காய்ந்துபோன நேரத்தில் ஒரு இழுவை இழுத்தால் பஞ்சு கருகிவிடும். அந்தக் கருகல் ருசி அதோடு போகாது, எறியத்தான் வேண்டும். சிலிக்கா கண்ணாடி இழையில் பின்னின வெள்ளைக் கயிறு. அது எரியாது. காய்ந்தால் சூடு தொண்டையைச் சுடும், திரி அப்படியே இருக்கும். என் கோபமும் பஞ்சு ரகம் இல்லை.

கயிற்றை எடுக்கும்போது முதலில் விரலில் உருட்டிப் பார்க்க வேண்டும். மலிவான கயிறு அந்த உருட்டலிலேயே பிரிந்து தும்பு விடும். அந்தத் தும்பு விரலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும், ஒருத்தரின் நெஞ்சுக்குள் போகிற சாமானில் அது இருக்கக் கூடாது. பிறகு கயிற்றின் மொத்தம், அதாவது தடிப்பு. அற்றொமைசரின் அடியில் நீர்மம் ஏறி வருகிற இரண்டு வாய்க்கால் இருக்கும், அதன் அகலத்தைப் பார்த்துத்தான் கயிறு. வாய்க்கால் பெரிது என்று மொத்தக் கயிற்றை அடைத்தால் நீர்மம் ஏறாது. சில கிண்ணத்துக்கு ஒரு மொத்தக் கயிற்றைவிட இரண்டு மெல்லிய கயிறு நல்லது.

நல்ல கூரான கத்தரியால் ஒரே வெட்டாய் வெட்ட வேண்டும். திரியோடு ஒரு ஊசியைச் சேர்த்துப் பிடித்து, இரண்டுக்கும் மேலால் கம்பியைச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்து ஊசியை உருவினால் அந்த இடைவெளி திரிக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். கம்பியின் இரண்டு காலையும் திருகாணியில் முடுக்கி, திரியை முதலில் நனைத்து, பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். காய்ந்த சிலிக்காவை வைத்துக்கொண்டு கம்பியைச் சிவக்க விட்டால் திரி நொறுங்கத் தொடங்கும். நான் முதன்முதல் சுற்றியதைப் பார்த்துவிட்டுச் சால்வோ சொன்னான்: "கம்பி கழுத்துச் சங்கிலி மாதிரி இருக்கவேணும், ஸ்கொப்பீ. நீ தூக்குக் கயிறு போட்டிருக்கிறாய்." நான் நினைத்த கழுத்து யாருடையது என்று அவனுக்குத் தெரியாது.

சரியாய்ப் போட்டதா என்பதற்குக் காது இருக்கிறது. மெல்லிய பொரியல் சத்தம் வந்தால் சரி. களகள என்றால் திரி தளர்வு, வாய்க்குள் நீர்மம் வரும். சத்தமே இல்லாமல் காரம் மூக்கில் ஏறினால் திரி இறுக்கம்.

கொஞ்சக் காலத்தில் ஆட்கள், "ஸ்கொப்பீனோ போடட்டும்" என்று காத்திருக்கத் தொடங்கினார்கள். கையை மெச்சினார்கள், பெயரை மாற்றவில்லை. நானும் ஒப்பந்தம் கேட்காத நீண்டகால அட்டைக்கு வேண்டிய வருடங்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மொழிச் சோதனையும் உண்டு. உன் வேலையைப் பற்றி எழுது என்று ஒரு கேள்வி வந்தது. ஸ்தொப்பீனோ என்ற சொல்லை எழுதிவிட்டு 'கொ' இல்லை, 'தொ'தானா என்று மணி முடியும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை பாஸ். அட்டை கையில் வந்த அடுத்த நாள் சால்வோவிடம் கடைக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன். "நீ இல்லாட்டி கடை அழுக்காப் போகுமே, ஸ்கொப்பீ" என்றான். போகட்டும் என்று வந்துவிட்டேன்.

சொந்தக் கடைக்குப் பதிவு செய்யப் போனால் கந்தோரில் எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல் ஒரு யன்னலிலிருந்து அடுத்த யன்னலுக்கு அனுப்பினார்கள். நீர்மம் விற்பீர்களா என்றார்கள், அதற்கு வேறு அனுமதி வேண்டுமாம். வேண்டாம், திரியும் கம்பியும் கைவேலையும்தான் என்றேன். கடைசியில் திருத்துகிற வேலை என்று போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பதிவுப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். அதில் என் முழுப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

கடை திறந்த அன்று வாங்கிய முதல் சாமான் ஒரு புது ஸ்கொப்பீனோ. பொலித்தீன் உறையைக் கழற்றாமல் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ்த்தட்டில் வைத்தேன். வீட்டுக்காரர் கண்டுவிட்டு, "இஞ்சாரும், இந்தக் கடையிலை கக்கூசே இல்லையே, இது ஆருக்கு?" என்றார். சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்குகிற மனுசன், எதையும் பழுக்கும்வரை விட்டுப் பிடுங்கத் தெரிந்தவர். "வாற ஆளுக்கு" என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

6

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தான். வலது கையில் முழங்கைக்கு மேல்வரை மாக்கட்டு. கடையில் அவனுடைய பழைய வாடிக்கைக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, சிரிப்பதற்கென்றே பிறந்த மனுசன், அந்தச் சனிக்கிழமையும் அவர் அங்கே நின்றவர். ஜெசிக்கா பள்ளிக்கூடப் பையோடு ஒரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாய் நான் மனதில் ஓடவிட்ட படத்தில் இவ்வளவு நல்ல சபை இருக்கவில்லை.

"எப்பிடி இருக்கிறாய், ஸ்கொப்பீ?" என்றான். நேற்றுத்தான் பிரிந்தவன் மாதிரி.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கையைப் பார். பிரான்காச்சோவிலை மோட்டார் சைக்கிளாலை விழுந்திட்டன். ஒற்றைக் கையாலை திரி போடேலாது. மருமகனுக்கு வாங்கி எறியிற சாமான்தான் தெரியும், பஞ்சை வைச்சு நாசமாக்கிறான்." பழைய அற்றொமைசரைக் கண்ணாடி மேல் வைத்தான். "ஒண்டு போட்டுத் தா. ரெண்டு மில்லிமீற்றர் சிலிக்கா. நீ போடுற மாதிரி."

"என்ன வேணும்?"

"திரி."

"எனக்கு விளங்கேல்லை, அந்தச் சொல்லை இன்னொருக்கால் சொல்லும்."

"ஸ்தொப்பீனோ" என்றான், கொஞ்சம் சத்தமாய்.

குனிந்தேன். கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்து, தூசியை ஊதி, அவனுடைய அற்றொமைசருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தேன். "கெதியா எண்டு சொல்லேல்லை, அதாலை ஆறுதலா எடுத்தன்" என்றேன்.

சாரதிக்கு முதலில் விளங்கியது. கதிரையோடு சேர்ந்து குலுங்கினார். சால்வோவின் காது சிவந்தது, ஆனால் சிரித்தான். "சரி, எனக்கு வேணும். பழி தீர்த்திட்டாய், ஸ்கொப்பீ."

"இன்னும் இல்லை" என்றேன். "இஞ்சை திரி வேணுமெண்டால் கடைக்காரியின்ரை பேரைச் சொல்லிக் கேக்கவேணும். பேர் சுவரிலை கிடக்கு, வாசியும்."

சட்டத்துக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கினான். குறட்டால் முடி மொத்தக் கம்பியைப் பிடிக்கிறவனுக்கு அந்த எழுத்துகள் பிடிபடவில்லை. "அமா... அமலோ... அமலோர்..." கழுத்தில் வியர்வை. கடைசியில் ஒரே மூச்சாய், "அமலோ பாவம்!"

ஜெசிக்கா போனை விட்டுவிட்டு வெடித்துச் சிரித்தாள். "அம்மா! அவர் பாவம் எண்டுறார்! அமலோ, பாவம்! போவெரீனா!" இத்தாலியனுக்கு அவளே பெயர்த்துக் கொடுத்துவிட்டாள், சாரதிக்கு இன்னும் வசதி. இந்த முறை சிரிப்பு அவன் மேல். எனக்கு அது இனித்தது, ஒளிக்க மாட்டேன்.

"பாவம் நான் இல்லை" என்றேன். "திரும்பச் சொல்லும்."

திரும்பச் சொன்னான், திரும்பப் பாவமாக்கினான். நான் எழுத்தெழுத்தாய்ச் சொல்லிக் கொடுத்தேன், அவன் எனக்கு ஸ்தொப்பீனோவைச் சொல்லித் தந்த அதே பொறுமையோடு, அதே இளக்காரத்தோடு. நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒருக்கால் இருமினான். பிறகு கண்ணை மூடி, மெதுவாக, ஒரு துண்டும் சிந்தாமல் சொன்னான்.

"அமலோற்பவம்."

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு மனிதக் குரல் என் பெயரை முழுதாய்ச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் உடம்பு சிலிர்த்தது, கோபமாயும் வந்தது. முதலில் சொல்ல வேண்டியவன் இவனா?

இருந்து திரி போட்டேன். அவன் எதிரே இருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியில் மூன்று மில்லிமீற்றர் கயிறும் இருந்தது. அதைத் திணித்து, கம்பியை இன்னொரு சுற்று இறுக்கினால் போதும், வீட்டுக்குப் போய் முதல் இழுவையிலேயே தொண்டை பற்றும். அந்தக் கயிற்றில் என் விரல் பட்டது. ஆனால் அப்படிச் சுட்டால் திரும்ப வரமாட்டானே. அவன் இழுப்பது கறுப்புப் புகையிலைச் சாறு, திரியையும் கம்பியையும் கெதியில் கறள் கட்டவைக்கிற சாமான். மாக்கட்டு வெட்டும்வரை அவன் திரும்பத் திரும்ப வர வேண்டும், ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆகவே என் வாழ்நாளிலேயே போட்ட மிகத் திறமான திரியை என் எதிரிக்குப் போட்டேன். இரண்டு மில்லிமீற்றர், ஒரு தும்பு இல்லை, கம்பி கழுத்துச் சங்கிலி மாதிரி. நனைத்து மின்சாரம் கொடுத்ததும் மெல்லப் பொரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் தலையாட்டினான்.

அப்போதுதான் ஜெசிக்கா கேட்டாள். நான் எதிர்பார்க்கவில்லை. "அம்மா, உங்கடை பேருக்கு என்ன அர்த்தம்?"

பதினேழு வயதில் கேட்கிறாள். பரவாயில்லை, நேரம் பார்த்துக் கேட்டாள். அவளுக்குச் சொல்கிற பதிலைச் சால்வோவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இம்மாகொலாத்தா."

அவனுடைய சிரிப்பு முகத்தில் நின்றபடியே செத்தது. சாரதியும் சிரிப்பை நிறுத்திவிட்டார், சால்வோவின் தாயைத் தெரிந்த ஆள். கண்ணாடி மேல் அந்தப் பிரஷ் நின்றது. சால்வோ அதைப் பார்த்தான், சுவரில் இருந்த பெயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினான். மாக்கட்டு நெற்றிக்கு எட்டவில்லை. இடது கையால் போட்டான்.

"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை நீங்கள்?" என்றான். நீ என்றே கதைத்தவன், நீங்கள் என்றான்.

"நீர் ஒருநாளும் கேக்கேல்லை."

அற்றொமைசரை எடுத்துக்கொண்டு போனான். கதவடியில் நின்று, பெயரை வாய்க்குள் ஒருக்கால் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. எனக்கு இரக்கமாய் இருந்ததா என்று சுவாமி கேட்பார். இல்லைச் சுவாமி. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன், நல்ல ருசியாய் இருந்தது.

7

வீட்டுக்கு வந்து கோழிக்கறிக்கு வெங்காயம் வெட்டும்போது, ஜெசிக்காவின் சத்தமே இல்லையே என்று போன் எடுத்தேன். அவளுடைய போன் மேசையில்தான் கிடந்தது. மினுங்கியது. ஸ்கொப்பீனோ போய்விட்டது. எத்தனை வருடம் காத்திருந்து, எவ்வளவு பாடுபட்டு எடுத்த பெயர். நெஞ்சு நிறைந்து கிட்டப் போய், கண்ணைச் சுருக்கி வாசித்தேன்.

'அமலோ பாவம்'. பக்கத்தில் அதே சிவப்பு இதயம்.

அறைக்குள்ளிருந்து வந்தவள் என் முகத்தைக் கண்டு, "கரீனோ, இல்லையோ அம்மா?" என்றாள்.

சால்வோவுடன் கணக்குத் தீர்ந்தது என்றால் அடுத்த ஆள் என் வயிற்றிலேயே பிறந்திருக்கிறது. கைப்பையைத் திறந்து, கடை பூட்டும்போது அதில் செருகிக்கொண்டு வந்த அந்தப் புது ஸ்கொப்பீனோவை எடுத்தேன், பொலித்தீன் உறையைக் கிழித்தேன், அவளுடைய கையில் வைத்தேன்.

"இந்தக் கிழமை கக்கூசு உன்ரை முறை. என்ரை பேரை ஒழுங்காச் சொல்லப் பழகும்வரைக்கும் எல்லாக் கிழமையும் உன்ரை முறை."

கதவை அடித்துச் சாத்தினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, உரஞ்சுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கோபத்தோடு அவள் கத்தினாள்: "மா தாய்!"

நான் அதைத் தமிழில் எடுத்துக்கொண்டேன்.